பத்தாவது அட்டை

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இழுகாலனை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு வைத்தார். அரை மணி நேரத்தில் சிரிக்கும் முகங்களாகக் கொட்டிவிட்டீர்கள். இன்னொருவர் தன் பேரனை ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கவைத்து வீடியோவே எடுத்துப் போட்டார். நம்மில் பாதிப் பேர் இப்போது படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்கள். மீதிப் பேர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேடிக்கை யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

நான் சிரிக்கும் முகம் போடவில்லை. இன்னொருத்தியும் போடவில்லை. அவள் அன்று சாயங்காலமே உளுந்தூர்பேட்டையிலிருந்து போன் செய்தாள். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"நீ எழுதறியா, இல்ல நான் வாயாலயே பேசி அனுப்பிடட்டுமா?"

எதை என்று கேட்டேன்.

"பத்தாவது அட்டைய. அது ஒருத்தருக்கும் தெரியாது பாரு."

அவள் பேசி அனுப்பினால் என் பங்கைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லிவிடுவாள். அவள் சுபாவம் அப்படி. அதனால் நானே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் வரைந்த இழுகாலன் படக்கதையில் நீங்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தது ஒன்பது அட்டை. அதோடு கதை நின்றுபோனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நிற்கவில்லை.

எட்டாவது படித்த வருஷம் அது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு மூங்கில்துறைப்பட்டுக் கடைத்தெருவில் துணிக்கடை இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் எல்லோருக்கும் தீபாவளிச் சட்டை அங்கேதான். அந்தச் சட்டைகளின் முதுகில், மடிப்புக் கலையாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் சாம்பல் நிறம். சட்டையைப் போட்டுப் பார்க்கிறவர்கள் அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் அவற்றைப் பொறுக்கி எடுத்து வருவாள். மூக்கருகில் வைத்தால் புதுத்துணியின் கஞ்சி வாசனை வரும். இன்றைக்கும் துணிக்கடைக்குள் நுழைந்தால் எனக்குப் புடவை ஞாபகம் வருவதில்லை, பென்சில் சீவவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஆட்களை நான் வரைவது, மற்றதையெல்லாம் அவள் வரைவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. அவர்கள் வீட்டில் உயிருள்ளவற்றின் முகத்தை வரைவதில்லை. அவள் அதை ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. வண்டி, மாடு கட்டும் கொட்டகை, கரும்புத் தோட்டம், மலை, மழை எல்லாம் நான் போடுகிறேன், முகம் நீ போட்டுக்கொள் என்றாள். எனக்கோ முகத்தில் மூக்கு வராது. நான் போட்ட மூக்கெல்லாம் குழம்புக் கரண்டி மாதிரி இருக்கும். ஒருத்தி முகம் வரைய மாட்டாள், இன்னொருத்திக்கு வரையத் தெரியாது. இந்த லட்சணத்தில்தான் படக்கதை போடக் கிளம்பினோம்.

அவள்தான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். யாரை வரைந்தாலும் முதுகுப் பக்கம் பார்த்தே இன்னார் என்று தெரியவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டாள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் தேடினோம். கதாநாயகி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவள். அவளுக்கு மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, கை மடித்துவிட்ட ஆம்பளைச் சட்டை, இடுப்பில் கொடுவாள். அவளுடைய காளைக்கு ஒரு கொம்பு கீழே வளைந்திருக்கும். அது எங்கள் வீட்டுக் காளையின் கொம்புதான். மலைக்கு நீலம் வேண்டுமென்று அம்மா வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்தேன். செடிகொடிக்கு அவரை இலைச் சாறு. மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பு எடுத்தோம், அது இரண்டு நாளில் பழுப்பாகிப் போகும். நீங்கள் படித்தபோது கதாநாயகியின் ரிப்பன் ஏன் டீக்கறை நிறத்தில் இருந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கட்டம் பிரிப்பது முழுக்க அவள் வேலை. அவள் கடையில் கைலிகளை விரித்துக் காட்டும்போது பார்த்துப் பார்த்துப் பழகியவள். பெரிய கட்டம், பொடிக் கட்டம், நடுவில் ஓடும் பட்டை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதல் அட்டையை நான் எட்டு சம கட்டமாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவள் அதை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, எனக்கு இன்றுவரை மறக்காத ஒன்றைச் சொன்னாள்.

"ஓடிக்கினு இருக்கறப்ப கட்டம் சின்னச் சின்னதா வரணும். நின்னு பாக்கறப்ப பெருசா வரணும்."

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கதாநாயகி வந்துவிட்டாள். வில்லன்தான் கிடைக்கவில்லை. ராட்சசன் வேண்டாம், கொள்ளைக்காரன் வேண்டாம் என்று ஒரு வாரம் அலைந்தோம். கடைசியில் அவன் எங்கள் தோட்டத்து வரப்பிலேயே நடந்து வந்தான்.

கரும்பு போட்ட வீடுகளுக்கெல்லாம் பீல்டுமேனைத் தெரியும். சர்க்கரை ஆலையிலிருந்து சைக்கிளில் வருவார். என்றைக்கு நட்டது, எவ்வளவு நிலம் என்று ஒரு நோட்டில் பதிந்துகொள்வார். பத்து மாதம் கழித்து வந்து, கரும்பைக் கீறி ஒரு சொட்டுச் சாறை ஒரு குழாயின் கண்ணாடியில் விட்டு, வெயிலுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். இனிப்பு ஏறிவிட்டதா என்று அதில் தெரியும். அதன்பிறகு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும். அந்தச் சீட்டு வராமல் ஒரு கரும்பைக்கூட வெட்டி ஆலைக்கு ஏற்ற முடியாது. எங்கள் பக்கத்து பீல்டுமேன் உயரமாக, வெள்ளைச் சட்டையும் காக்கிப் பேண்ட்டுமாக இருப்பார். சைக்கிள் கேரியரில் கறுப்புக் குடை. வலது காலை இழுத்து நடப்பார்.

அந்தக் குழாயில் அவர் பார்க்கிறபோது கரும்பிலிருக்கும் இனிப்பெல்லாம் அவர் கண் வழியாக உள்ளே போய்விடுகிறது என்று நான் கதை கட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போன தோட்டத்துக் கரும்பெல்லாம் உப்புக் கரிக்கும். ஊர்ச் சர்க்கரையெல்லாம் உப்பாகும். கல்யாண வீட்டுப் பாயசம் உப்பாகும். மலைப்பெண் அவனைத் துரத்தவேண்டும். எனக்கே என் புத்திசாலித்தனம் தாங்கவில்லை. இழுகாலன் என்று பெயர் வைத்ததும் நான்தான். அந்தக் காலைக் கதையில் சேர்க்காமல் விட்டால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. முதுகுப் பக்கம் பார்த்தே தெரியவேண்டும் என்பது சட்டம், அதற்கு அதைவிட நல்ல அடையாளம் எங்கே கிடைக்கும்?

ஆறாவது அட்டையில் இருந்த பெரிய கட்டத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழை விட்ட மண் பாதை. அதில் சைக்கிள் சக்கரத்தின் தடம். பக்கத்தில் ஒரு செருப்புத் தடம், ஒரு கோடு, ஒரு செருப்புத் தடம், ஒரு கோடு. ஆளே இல்லை. பாதை மலை வரைக்கும் போகிறது. அதை வரைந்தவள் அவள். முகம் வரையாதவள் என்பதால்தான் அது அவளுக்குத் தோன்றியது. அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் நீங்கள் மற்ற எட்டு அட்டைகளையும் படித்தீர்கள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். யார் முதலில் படிப்பது என்று அடிதடி. அட்டை ஓரமெல்லாம் ஊறுகாய்க் கறை. பையன்கள் இடைவேளையில் வரிசையாக ஒரு காலை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நான் அதைப் பார்த்து ரொம்பப் பெருமைப்பட்டேன்.

ஆறாவது படித்த ஒரு சின்னப் பெண்ணும் படித்தாள். அவளை உங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பாவாடையில் மை பட்டிருக்கும், சத்தமாகப் பேச மாட்டாள். மற்றவர்கள் கால் மணி நேரத்தில் முடித்ததை அவள் ஒரு முழு மதிய இடைவேளை உட்கார்ந்து படித்தாள். தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பு அது. படித்து முடித்ததும் அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி, தட்டிச் சமம் செய்து, எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, அவருக்கு வூடு இல்லியா?"

யாருக்கு என்று கேட்டேன். இழுகாலனுக்கு என்றாள். அவள் 'அவர்' என்று சொன்னதை நான் கவனித்திருக்கவேண்டும்.

"வில்லனுக்கு எதுக்குடி வூடு?" என்று சொல்லிச் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

துணிக்கடைக்காரர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கேட்டது சரிதான், ஒன்பதாவது அட்டையில் இன்னும் வரையாமல் விட்டிருந்த கடைசிக் கட்டத்தில் அவனுக்கு ஒரு வீடு போடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. அந்தக் கட்டத்தில் அவன் ஆலைக் கொதிகலனுக்குள் விழவேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். வீட்டைப் போட்டால் அவனை எப்படிக் கொதிகலனில் தள்ளுவது? இரண்டு பேரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவளும் வீடு போடவில்லை, நானும் கொதிகலன் போடவில்லை. அந்தக் கட்டம் வெறும் வெள்ளையாக நின்றது. சமாதானம் ஆன பிறகும் இருவருமே அதைத் தொடவில்லை.

அது மார்கழியில் வந்து என் கழுத்தைப் பிடித்தது.

அந்த வருஷம் எங்கள் நிலம் மொத்தமும் கரும்பு. வேறு பயிர் கிடையாது. ஆலை அரைவை தொடங்கி, டிராக்டரும் மாட்டு வண்டியும் இரவு பகலாகப் பாரம் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் போயின. பக்கத்து நிலத்துக்காரர் எங்களுக்கு நாலு நாள் கழித்து நட்டவர். அவருக்குக் கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, வெட்டியும் ஆகிவிட்டது. எங்களுக்கு வரவில்லை. தோட்டத்தில் அங்கங்கே பூ எடுக்க ஆரம்பித்திருந்தது. பூத்த கரும்பு உள்ளே சக்கையாகிக்கொண்டே போகும். வெட்டுகிற ஆட்கள் பக்கத்து நிலத்தை முடித்துவிட்டு மணலூர்பேட்டைப் பக்கம் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் வேறு ஆளைப் பிடிப்பது லேசில்லை. அப்பா காலையில் தோட்டத்துக்குப் போய் நிற்பார், பூவைப் பார்ப்பார், திரும்பி வருவார். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை நான் அந்த மார்கழியில்தான் பார்த்தேன்.

ஒருநாள் டீக்கடையில் யாரோ அவருக்கு விஷயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உன் பெண் பீல்டுமேனை நொண்டி என்று படம் போட்டுப் பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறாள், அப்புறம் எப்படி ஆர்டர் வரும் என்று. அப்பா வீட்டுக்கு வந்து அட்டைகளைக் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

"பத்து மாசம் வெச்சிக் காப்பாத்தின பயிரு. இன்னா பண்ணி வெச்சிக்கீற பாரு" என்றார். அடித்திருந்தால் தேவலாம்.

அம்மாதான் நேரே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுவிடச் சொன்னாள். அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஹாண்டில்பாரில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். அட்டைகள் என் மடியில். பீல்டுமேன் கண்ணெதிரிலேயே அவற்றைக் கிழித்துப் போடவேண்டும் என்பது ஏற்பாடு.

பீல்டுமேன் ஆலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஓட்டு வீடொன்றில் குடியிருந்தார். சுவரில் அந்த சைக்கிள் சாய்ந்திருந்தது. கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. பாவாடையில் மை இருந்தது. எனக்கு அப்போதுகூடப் பொறி தட்டவில்லை.

தண்ணீர்ச் சொம்போடு அந்தச் சின்னப் பெண் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தாள். சொம்பை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். அவள் பீல்டுமேன் மகள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிஷமே அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியிருக்கவேண்டும். இழுக்கவில்லை, அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

பீல்டுமேன் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்றார். அப்பா உட்காரவில்லை.

"சார், பொண்ணு தெரியாம வரைஞ்சிடுச்சி. அதை மனசுல வெச்சிக்கினு எங்க கரும்ப நிறுத்திடாதீங்க சார்."

"இன்னா வரைஞ்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அவர் ஒருவர் காதுக்கு மட்டும் போகவில்லை, அதை நாங்களே சீப்பு வாழைப்பழத்தோடு கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். அப்பா ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். பீல்டுமேன் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் அட்டைகளைக் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். இனிப்பை உறிஞ்சும் இடம் வந்தபோது நிஜமாகவே சிரித்தார். பாயசம் உப்பான இடத்திலும் சிரித்தார். ஆறாவது அட்டைக்கு வந்ததும் நிறுத்தினார். அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். எங்கோ டிராக்டர் போகிற சத்தம் வந்து, தேய்ந்து, நின்றுபோனது.

"நான் நடந்தா இப்படித்தான் விழும் போல. ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்ல" என்றார்.

குரலில் கோபம் இல்லை. புதுத் தகவல் ஒன்றைத் தெரிந்துகொண்டவர் போலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தப்பித்துக்கொள்வது போல ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். அதைப் போட்டது நான் இல்லை, துணிக்கடைப் பெண் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அந்த முழு நாளிலும் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒன்பதாவது அட்டையின் வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னாத்துக்கு காலியா இருக்குது?"

கொதிகலன் என்று எப்படிச் சொல்வது? நான் தரையைப் பார்த்தேன். கதவோரத்திலிருந்து பதில் வந்தது.

"அது வூடுப்பா. அவருக்கு ஒரு வூடு வரையப் போறாங்க."

நாங்கள் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"நீ இதைப் பார்த்திருக்கியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எப்ப?"

"தீவாளிக்கு முன்ன."

"சொல்லவே இல்லியேம்மா."

இரண்டு மாதம். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் வரிசையாகக் காலை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள், தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காததுபோல அவருக்குக் கதவு திறந்திருக்கிறாள். தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை அத்தனை தூரம் பத்திரமாகச் சுமந்து வந்தவள், வாசலில் வந்து யாரோ அதைத் தட்டிவிட்டது போல நின்றாள். தட்டிவிட்டது நாங்கள். என்னைப் பார்த்த அவள் பார்வையில் திட்டுகூட இல்லை, இதைப் போய்ச் சொல்லவேண்டுமா அக்கா என்றுதான் இருந்தது.

அவர் அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி, தட்டிச் சமம் செய்து என் கையில் கொடுத்தார். மகள் எங்களிடம் கொடுத்தது போலவே. கிழிக்க வேண்டாம், படம் நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு அலமாரியிலிருந்து பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"உங்க கரும்பு நட்டது தை வளர்பிறை பஞ்சமின்னு எழுதியிருக்குது. நீங்கதான் சொன்னீங்க. பதிவு வரிசைப்படிதான் ஆர்டர் வரும். இன்னும் மூணு நாள்ல வந்துடும், போங்க."

அப்பாவின் முகம் போன போக்கை என்னால் வரையவே முடியாது. நாங்கள் நட்டது அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், தேய்பிறை அஷ்டமியில். அன்றைக்குத்தான் ஆள் கிடைத்தார்கள், விதைக் கரும்பும் வந்து இறங்கிவிட்டது, வேறு வழியில்லை. அஷ்டமியில் நட்டோம் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். பதிய வந்த பீல்டுமேனிடம் அப்பா நல்ல நாளாகப் பார்த்து ஒரு பஞ்சமியைச் சொல்லிவிட்டார், சொன்னதை மறந்தும் போய்விட்டார். எட்டு நாள் முந்திய தேதியைப் பதிந்திருந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு ஆர்டர் முந்தி வந்தது. கரும்பை நிறுத்தி வைத்தது பீல்டுமேனும் இல்லை, என் படமும் இல்லை. எங்கள் வீட்டுப் பஞ்சமிதான்.

திரும்பும் வழியில் அப்பா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். பாதி தூரம் வந்தபோது சொன்னார்.

"அந்தப் பொண்ணு மூடி வெச்சிருந்துச்சி. நம்மளே போய்த் தொறந்துட்டு வந்துட்டோம்."

இதை அவர் சாகும்வரை வேறு யாரிடமும் சொன்னதாக நான் கேட்டதில்லை. அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் மனதில் கறுவிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவர் பட்ட பாட்டில் அப்படித்தான் நினைக்க முடியும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. அந்தப் பெண் எனக்கு நேரே வந்து நின்று கேட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கட்டிங் ஆர்டர் வந்தது. வெட்டும் ஆட்களும் அதுவரை கிளம்பவில்லை. கரும்பு போய்ச் சேர்ந்தது. அம்மா மட்டும், அஷ்டமி தன் வேலையைக் காட்டிவிட்டது பார் என்றாள். ஒன்பது அட்டைகளையும் அப்பா வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். சொட்டு நீலம் எரியும்போது தனி நிறம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நடந்ததை மறுநாள் துணிக்கடைக்காரர் மகளிடம் சொன்னேன். ஆறாவது அட்டையைப் பற்றிச் சொன்னபோது முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் புதிதாக ஓர் அட்டை கொண்டுவந்தாள். கட்டம் எதுவும் பிரிக்கவில்லை. ஒரே கட்டம், முழு அட்டைக்கும்.

"நின்னு பாக்கறது பெருசா வரணும்" என்றாள்.

நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். வேப்பமரத்தடியில் மூன்று நாள் மத்தியானம் ஆனது. நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. முடித்ததும் இருவருமாகப் போய் அதை அந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்தோம். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனோம். ஆனால் அந்த வயதில் அந்த வார்த்தை வாயில் வராது. அவள் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் எங்களிடமே திருப்பி நீட்டினாள்.

"எனக்குத் தெரியும்க்கா, எங்க வூடுதானே. அதைப் படிச்சாங்கள்ல, அவங்களுக்கெல்லாம் காட்டுங்க."

காட்டினோம். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து வந்த சமயம், பையன்கள் பம்பரத்துக்கு மாறியிருந்தார்கள். நாலைந்து பேர் வாங்கிப் பார்த்தீர்கள். இதில் சண்டையே இல்லையே, ஆளே இல்லையே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். காலை இழுத்து நடக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வீட்டைப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. நான்தான் உங்களுக்கு அப்படிப் பழக்கிவிட்டேன், அதனால் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டோம். அடுத்த வருஷம் அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அதன்பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

சிரிக்கும் முகங்களை எடுத்துவிடுங்கள் என்று இதை எழுதவில்லை. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை நாற்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டோம். போனில் என் கூட்டாளி ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினாள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. இப்போது காட்டுகிறேன், பாருங்கள்.

பின்னால் கல்வராயன் மலை, சொட்டு நீலத்தில். அதற்கு முன்னால் ஓட்டு வீடு. சுவரில் சைக்கிள் சாய்ந்திருக்கிறது, கேரியரில் கறுப்புக் குடை. கொடியில் ஒரு சின்னப் பாவாடை, அதில் ஒரு மைக் கறை. மலையிலிருந்து பாதை வருகிறது. பாதையில் ஒரு செருப்புத் தடம், ஒரு கோடு, ஒரு செருப்புத் தடம், ஒரு கோடு. கதவு திறந்திருக்கிறது. வாசற்படியில் ஒரு பெரிய செருப்பு ஜோடி, அதில் வலது செருப்பு மட்டும் நுனியில் தேய்ந்திருக்கிறது. அதை ஒட்டி ஒரு சின்ன ஜோடி.